குத்துவிளக்கு ஏற்றித் திறந்த ஃபோல்டர்

மேடையில் பதினோரு பேர். திறக்கப்போவது ஒரு ஃபோல்டர்.

குத்துவிளக்கின் ஐந்து முகத்தையும் ஐந்து பேர் ஏற்றிவிட்டார்கள். ஆறாவதாக வந்த டீனுக்கு முகம் மிச்சமில்லை. எரிகிற திரியையே அவர் இன்னொரு முறை ஏற்றிவைத்தார். புகைப்படக்காரரும் சளைக்காமல் எடுத்தார். தமிழ்த்தாய் வாழ்த்து, பொன்னாடை, பூங்கொத்து, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்ததும் துணைவேந்தர் லேப்டாப்பில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் எங்கள் ஆய்வுத் திட்டம் உலகத்துக்கே திறக்கும். அழுத்தினார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. "அறிவுலகம் நம்மைச் சுற்றி வருகிறது" என்று சமாளித்தார் மைக் பிடித்திருந்தவர். கைதட்டல். கடைசி வரிசையில் நின்றிருந்த ஆய்வு மாணவி சத்தமில்லாமல் தன் செல்ஃபோனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டார். அவர் கைக்காசு போட்ட டேட்டா பேக்கில்தான் எங்கள் பல்கலைக்கழகத்தின் திறந்த அறிவியல் திறந்தது.

நான் அந்த வளாகத்தின் கணினி மையத்தில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவன். விழா நேரத்தில் மேடைக்கு அடியில் வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் பெரியவர்களின் முகம் தெரியாது. யார் யார் காலை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

திட்டம் ஏறியது ஓபன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க் என்ற தளத்தில். சுருக்கமாக ஓ.எஸ்.எஃப். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சார்லட்ஸ்வில் நகரில் 2013-ல் தொடங்கிய லாப நோக்கற்ற மையம் ஒன்று நடத்துவது. உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தால் முடிவுகள் நிற்கவில்லையே என்ற கவலையில் பிரையன் நோசெக் போன்றவர்கள் கட்டிய இடம். கணக்கு தொடங்கக் காசில்லை. திட்டம் என்று ஒரு வீடு, அதற்குள் உள்ளறைகள், ஒவ்வோர் அறைக்கும் தனிப் பூட்டு. யார் எப்போது எதைத் தொட்டார் என்று ஒரு பதிவேடு தானாக எழுதிக்கொண்டே இருக்கும். அந்தப் பதிவேட்டைப் பற்றி அன்று மேடையில் யாரும் பேசவில்லை. பல்கலைக்கழகங்களுக்குத் தரம் போடும் நாக் குழு வர மூன்று மாதம் இருந்தது. பேச வேறு விஷயங்கள் இருந்தன.

விழாவுக்கு முந்தைய கூட்டத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தளத்தில் ஒருவரைச் சேர்க்க மூன்று படி உண்டு. பார்க்க மட்டும் உரிமை, பார்க்கவும் திருத்தவும் உரிமை, அட்மின். வேலைக்குத் தகுந்தபடி கொடுப்பது மரபு. மாணவி அப்படித்தான் பட்டியல் போட்டுவந்தார். துறைத்தலைவர் பார்த்தார்.

"என்னம்மா இது, என்னை ரீட் ஒன்லியில போட்டிருக்கே? நான் என்ன வாட்ச்மேனா?"

"இல்ல சார், நீங்க ஃபைல் எதுவும் ஏத்தப் போறதில்லையே, அதான்..."

"ஏத்துறேன், ஏத்தல, அது வேற. போடு அட்மின்."

ஒருவருக்குப் போட்டபின் இன்னொருவருக்குப் போடாமல் இருக்க முடியுமா? எட்டுப் பேர் அட்மின் ஆனார்கள். தளம் ஒவ்வொருவருக்கும் உறுதிசெய்யச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியது. அதில் ஒருவர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறதே என்று பயந்து அதை சைபர் க்ரைமுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டார். கடைசியில் எட்டுக் கணக்கையும் மாணவியே தொடங்கினார். எட்டு பாஸ்வேர்டும் அவருடைய கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஏறின. பாதுகாப்பான நிர்வாகம் என்று அறிக்கையில் எழுதினோம்.

இதைவிடக் கொடுமை ஒரு சின்னக் கட்டம். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். டிக் போட்டால் மேற்கோள் காட்டும்போது பெயர் தெரியும், எடுத்துவிட்டால் வேலை செய்யலாம், பெயர் மட்டும் வெளியே தெரியாது. தளத்தை உருவாக்கியவர்கள் ஏதோ நல்லெண்ணத்தில், தொழில்நுட்ப உதவியாளர்களுக்காக வைத்திருப்பார்கள். எங்கள் ஊருக்கு அது வரப்பிரசாதம். நூறு வருஷமாக வாய்மொழியாக நடந்துவந்ததை ஒரே சொடுக்கில் முடிக்கும் கருவி! துறைத்தலைவர் முதல் பெயர், டிக். டீன், டிக். இணை இயக்குநர், இவர் எங்கிருந்து வந்தார் என்று இன்றும் தெரியாது, டிக். மாணவிக்கு? "உனக்குத்தான் தீசிஸ் இருக்கேம்மா. இதுல எதுக்கு?"

டிக் இல்லை.

இனி அந்த ஃபோல்டருக்குள் என்ன இருந்தது என்று சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. அதற்குப் பின் அந்தக் கரையோரக் கிராமங்களின் கிணறுகளிலும் கைபம்புகளிலும் உப்பு எவ்வளவு ஏறியது, எவ்வளவு நாளில் இறங்கியது, எங்கே இறங்கவே இல்லை என்ற கணக்கு. மாணவி ஒரு பழைய ஸ்கூட்டியில், உப்பளவு பார்க்கும் மீட்டரும் ஜிபிஎஸ்ஸும் பிளாஸ்டிக் பாட்டில் மூட்டையுமாக, மாதாமாதம் அதே கிணறுகளுக்குப் போய் எடுத்தது. போன மாதம் பூட்டியிருந்த வீட்டுக்கு இந்த மாதம் இரண்டு தடவை. ஃபெலோஷிப் பணம் ஐந்தாறு மாதம் வராமல் கிடந்தபோது பெட்ரோலுக்கு அவர் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது எனக்குத் தெரியும்; சிஸ்டத்தில் பில்லை ஏற்றத் தெரியாமல் என்னிடம் வந்தபோது சொன்னார். ஒரு கிராமத்தில் வயதான அம்மா ஒருத்தர் வாளியில் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு, "உப்பாப் போச்சுன்னு நல்லா எழுதிக்கம்மா, யாராச்சும் பார்ப்பாங்கல்ல" என்றாராம்.

யாராச்சும் பார்ப்பாங்கல்ல. இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

ஏற்றுகிற வேலை என்றால் இழுத்துப் போட்டால் முடிந்தது என்று மேடைக்காரர்கள் நினைக்கிறார்கள். கிராமப் பெயர்கள் பாதி வானவில் எழுத்துருவில் அடித்தவை. வேறு கணினியில் திறந்தால் தலைஞாயிறும் கோடியக்கரையும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் குழம்பிய வாந்தியாகத் தெரியும். யூனிகோடுதான் தரம் என்று தமிழக அரசு 2010-லேயே சொல்லியாயிற்று. எங்கள் அலுவலகத்துக்கு அந்த ஆணை இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறது. தேதிகளோ எக்செல் கையில். ஏப்ரல் மூன்றை மார்ச் நான்காக்கும் வல்லமை அதற்கு உண்டு. மரபணுப் பெயர்களையே அது தேதி என்று நினைத்து மாற்றித் தொலைத்ததால், 2020-ல் மனித மரபணுப் பெயர்க் குழு மரபணுக்களின் பெயரைத்தான் மாற்ற வேண்டிவந்தது. அந்தத் தானியங்கி அழும்பை அணைத்துவைக்க மைக்ரோசாஃப்ட் வழி கொடுத்தது 2023-ல். உயிரின் மூலக்கூறே இறங்கிப்போகும்போது எங்கள் கிணறு எம்மாத்திரம்? மாணவி ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து திருத்தினார். எந்தப் பத்தியில் என்ன அலகு, மீட்டரை எப்போது சரிபார்த்தார், எந்தக் கிணறு இடையில் தூர்ந்தது என்று விளக்கக் குறிப்பு எழுதினார். ஆறு பக்கம். அந்த ஆறு பக்கம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் எண். துறைத்தலைவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல யுனிவர்சிட்டி லோகோ இல்லையேம்மா" என்றார்.

ஜெனோடோவிலும் ஒரு நகல் போடலாம் என்று மாணவி சொன்னார். ஜெனீவா பக்கத்தில் செர்ன் நடத்தும் களஞ்சியம் அது. துகள் இயற்பியல் தரவோடு நம் வேட்டைக்காரனிருப்புக் கிணறும் இருக்கும். ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசம், நிலையான டி.ஓ.ஐ. எண் கொடுப்பார்கள், அலெக்சாண்ட்ரியா நூலகத்தின் முதல் நூலகர் ஜெனோடோட்டஸ் பெயரால் வைத்தது என்றெல்லாம் அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தார். துறைத்தலைவருக்கும் ஆர்வம் வந்தது. பிறகு மாணவி ஒன்று சொன்னார், கெட்டது காரியம்.

"வெளியிட்டபிறகு ஃபைலை மாத்த முடியாது சார். திருத்தினா புது வெர்ஷனாத்தான் போடணும்."

"அப்ப தப்பு இருந்தா?"

"தப்பும் அப்படியே இருக்கும் சார். திருத்தினது பக்கத்துல இருக்கும்."

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தப்பு அப்படியே இருக்குமா? பெயரோடு, தேதியோடு? பேராசிரியர் வாழ்க்கையில் இதைவிட ஆபாசமான சொல்லை அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. அறிவியல் என்பது தப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே முன்னால் போவது என்று முதலாமாண்டு பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பவர்தான் அவர். "ஜெனோடோ வேணாம்" என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்து பூட்டு. தனியாக வைத்தால் 5 ஜிபி, பொதுவில் வைத்தால் 50 ஜிபி. திறந்து வைக்கிறவனுக்குத் தளம் பத்து மடங்கு கூலி தருகிறது. "பொதுவுல போட்டா சைனாக்காரன் திருடிடுவான்" என்றார் ஒருவர். கோடியக்காட்டுக் கைபம்பு உப்பைத் திருடிக்கொண்டு போய்ச் சீனா என்ன செய்யும், ஊறுகாயா போடும்? 2012-லேயே மத்திய அரசு கொள்கை வகுத்துவிட்டது, பொதுப் பணத்தில் திரட்டிய தரவைப் பொதுவில் பகிர வேண்டும் என்று. அதைக் காட்டினேன். "கொள்கைதானே, விதி இல்லையே" என்று அமைதியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். தீர்வு கண்டார்கள். வெளிவாசல் திறந்திருக்கும்: அதில் லோகோ, விழாப் படங்கள், துணைவேந்தர் வாழ்த்துரை. தரவு இருக்கும் உள்ளறை பூட்டியிருக்கும். கட்டுரையில் மட்டும், கேட்டால் தரவு தரப்படும் என்று ஒரு வரி.

அந்த வரியின் யோக்கியதை உலகத்துக்கே தெரியும். குரோஷிய ஆய்வாளர்கள் 2022-ல் ஒரு காரியம் செய்தார்கள். கேட்டால் தருவோம் என்று எழுதிய 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் போய்க் கேட்டே விட்டார்கள். 1,670 பேர் பதிலே போடவில்லை, அல்லது மாட்டோம் என்றார்கள். கொடுத்தவர்கள் 122. 'நாளை வா' என்று கதவில் எழுதிப் பேயை ஏய்த்த கதைதான். இங்கே ஏமாறும் பேய் வரி கட்டுகிறவன். 2014-ல் இன்னொரு கணக்கு வந்தது. 516 கட்டுரைகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், வருஷத்துக்கு வருஷம் தரவு பிழைத்திருக்கும் வாய்ப்பு 17 சதவீதம் குறைந்துகொண்டே போகிறதாம். அழிவது கெட்ட எண்ணத்தால் அல்ல; பழைய பென் டிரைவால், மாறிப்போன மின்னஞ்சலால், ஓய்வுபெற்றவரின் பரணால்.

தரவு அழிவது நமக்கு மட்டும் நேர்கிற விதி இல்லை என்பார்கள். உண்மைதான். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் 77 டெராபைட் ஆய்வுத் தரவு போயிற்று. பழைய லாக் ஃபைல்களை அழிக்க எழுதிய ஸ்கிரிப்ட்டை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றியதால் வந்த வினை. 14 ஆய்வுக் குழுக்கள் அடிபட்டன. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்து, அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த 858 டெராபைட் சாம்பலானது. வேறெங்கும் நகல் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் சொல்கிறேன். கியோட்டோவில் அந்தக் கருவியைப் பராமரித்த நிறுவனம், முழுப் பொறுப்பும் எங்களுடையது என்று எழுத்தில் கொடுத்தது. பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. எத்தனை ஃபைல், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எல்லாம் எண்ணிச் சொன்னார்கள். தொலைத்ததை எண்ண வேண்டுமென்றால் முதலில் இருந்தது எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வளாகத்தில் 2022-ல் கூகுள், கல்வி நிறுவனங்களுக்கு இனி வரம்பில்லா இடம் கிடையாது, மொத்தமாக 100 டெராபைட் என்று கையை விரித்தபோது, யாருடைய கணக்கில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வாய்மொழி உத்தரவு வந்தது: "பெரிய ஃபைலாப் பார்த்து அழிச்சிடுப்பா." பெரிய ஃபைல்களெல்லாம் ஆய்வுத் தரவு. திருமண வீடியோ ஒன்று மட்டும், பதிவாளர் அலுவலகத்தாருடையது என்பதால், தப்பியது.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சர்வதேச இதழ்களைப் படிக்க, ஒரே நாடு ஒரே சந்தா என்று மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் மத்திய அரசு ஒதுக்கியது 2024 நவம்பரில். படிக்கட்டும், நல்லதுதான். அதில் நாமே எழுதிக் கொடுத்ததையும் நாமே காசு கொடுத்து வாங்குகிறோம், அதையும் விடுங்கள். ஃபரீதாபாதில் உயிரியல் தரவு மையம் ஒன்று 2022-ல் எழும்பியது; அதையும் வாழ்த்துவோம். எங்கள் திட்டத்தின் பட்ஜெட்டைப் பார்த்தவன் நான். கருவிக்குத் தலைப்பு உண்டு, பயணத்துக்கு உண்டு, ஓவர்ஹெட் என்று பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ள உண்டு. தரவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்ற தலைப்பே இல்லை. குத்துவிளக்கு, பூங்கொத்து, மதியச் சாப்பாடு எல்லாம் கன்டிஞ்சென்சியில் போனது, பணம் செலவான சான்றிதழான யூ.சி.யில் தணிக்கைக்காரர் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஸ்கூட்டி பெட்ரோல் பில்லில் மட்டும் எண் சரியாகத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்.

நம் ஆட்களால் முடியாது என்பதும் பொய். காந்திநகர் இன்ஃப்ளிப்நெட்டின் ஷோத்கங்காவைப் பாருங்கள். ஆய்வேடுகளை மின்வடிவில் கொடுத்தாக வேண்டும் என்று யூ.ஜி.சி. 2009-ல் விதி போட்டது. பட்டம் அதில் தொங்குகிறது என்றதும், தலைப்புப் பக்கம் ஒரு ஃபைல், சான்றிதழ் ஒரு ஃபைல், ஒவ்வோர் இயலுக்கும் ஒரு ஃபைல் என்று எண் போட்டு, பெயர் போட்டு, நாடு முழுக்கப் பல்கலைக்கழகங்கள் ஏற்றவில்லையா? மாட்டினால் செய்வார்கள். எங்கள் மாணவியின் ஆய்வேடும் அங்கே இருக்கிறது. கிணற்று அட்டவணைகள் பிடிஎஃப்பில், பக்கவாட்டில் படுத்த ஸ்கேனாக. கழுத்தைச் சாய்த்துப் படித்துக்கொள்ளலாம், கணக்குப் போட முடியாது.

நாக் குழு வந்தது, வெளிவாசலைப் பார்த்தது, போனது. மாணவிக்கு வைவா முடிந்தது. ஃபெலோஷிப்பும் அதோடு முடிந்தது. இப்போது ஒரு நீட் கோச்சிங் மையத்தில் இயற்பியல் எடுக்கிறார்.

சில மாதம் முன்பு வேதாரண்யம் பக்கத்து விவசாயிகள் சிலர் துறைக்கு வந்தார்கள். பக்கத்தில் இறால் பண்ணை விரிவாக்கம், அதனால் தண்ணீர் கெட்டது என்று மனுப் போட வேண்டும், முன்னால் எப்படி இருந்தது என்று உங்களிடம் கணக்கு இருக்கிறதாமே என்றார்கள். துறைத்தலைவர் காபி வாங்கிக் கொடுத்தார். அது ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு, "அந்த ஸ்காலர் போயிட்டாங்களே" என்றார். பஸ் பிடித்து வந்தவர்கள் பஸ் பிடித்துப் போனார்கள்.

அவர்கள் போனதும்தான் அவருக்கு உறைத்தது, வெளியே போனவர் இன்னும் அட்மினாக இருக்கிறாரே என்று. தரவைப் பற்றி அல்ல. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய சொந்தக் கணக்கின் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாது. மாணவிக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில். வகுப்புக்கு நடுவே வெளியே வந்து பேசுகிறார் என்பது பின்னால் கேட்ட பிள்ளைகளின் சத்தத்திலேயே தெரிந்தது.

"நல்லா இருக்கீங்களா சார்? ஒரு நிமிஷம் சார், நோட்டு பையிலதான் இருக்கு." ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஒரு கோடு. "உள்ள ரீட்மீ ஃபைல் இருக்கு சார், கிணறு தூர்ந்த தேதியெல்லாம் அதுலதான் இருக்கு. யாராவது கேட்டா அதைச் சேர்த்துக் கொடுங்க சார்."

"சரிம்மா, சரிம்மா" என்று வைத்தார்.

உள்ளே போனோம். பதிவேட்டை ஒரு தடவை மேலிருந்து கீழே உருட்டினேன். ஏற்றியவர், பெயர் மாற்றியவர், திருத்தியவர், விழா நாளன்று காலை பதினொன்றே காலுக்கு உலகத்துக்குத் திறந்துவிட்டவர் என்று எல்லா வரியிலும் ஒரே பெயர். துணைவேந்தர் அந்த வரியில் இல்லை. எட்டு அட்மினில் ஒருவரும் எந்த வரியிலும் இல்லை.

"எடுத்துடுங்க" என்றார்.

இந்தத் திட்டத்திலிருந்து மட்டும் நீக்கவா, உள்ளறைகளிலிருந்துமா என்று தளம் கேட்டது.

"எல்லாத்துலேர்ந்தும்."

மவுஸைப் பிடித்திருந்தது என் கை. சொடுக்கினேன். துறைத்தலைவர் பெயரில் அந்தப் பதிவேட்டில் முதல் வரி ஏறியது: இன்னார், இன்னாரைப் பங்களிப்பாளர் பட்டியலிலிருந்து நீக்கினார்.